நானூற்றைம்பது ஸ்பிரிங்

ஏர் ஷாக் என்பது சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்த சாமான் என்று பதினேழு வருடமாகச் சொல்லி வருகிறவன் நான். கேட்க விரும்பாதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்வேன். எங்கள் சைக்கிள் பட்டறை மலையடிவாரத்தில், ரோப்கார் கிளம்புகிற இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. சைக்கிளை ரோப்காரில் மாட்டி உச்சிக்குக் கொண்டுபோய், வேரும் பாறையுமாகக் கிடக்கிற பாதையில் தலைதெறிக்கக் கீழே ஓட்டி வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். பின்சக்கரம் வாங்கும் அடி அவர்கள் முதுகெலும்புக்குப் போகாமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்வது பின்பக்க ஷாக். அதில் இரண்டு ரகம். காயில் என்றால் கைப்பிடிக்குள் அடங்குகிற இரும்புச் சுருள், அதாவது ஸ்பிரிங். ஏர் என்றால் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் அடைத்துவைத்த காற்று.

காயிலில் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற விறைப்பும் ஏறும். ஓட்டுகிறவரின் எடையைக் கேட்டு அதற்கான நம்பரைப் போட வேண்டும். எடை மாறினால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஏரில் அந்தத் தொல்லை இல்லை. குட்டி பம்பை வைத்து அடித்தால் விறைக்கும், காற்றை விட்டால் தளரும். அதனால்தான் சோம்பேறிச் சாமான் என்கிறேன். காயில் முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஏர் பாதி மலை இறங்குவதற்குள் சூடேறிக் குணம் மாறிவிடும். இதையெல்லாம் பேசிப் பேசியே பட்டறையில் எனக்கு ஸ்பிரிங்கண்ணன் என்று பெயர் நிலைத்துவிட்டது.

பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் பெண் எனக்கு எதிர்க்கட்சி. முப்பது வயது, வேலை சுத்தம், வாயும் கொஞ்சம் நீளம். பின் பாக்கெட்டில் எப்போதும் ஷாக் பம்பைச் செருகியிருப்பதால் அவளுக்குப் பம்ப் என்று பெயர். வைத்தது நான்தான்.

"அண்ணே, காத்து இல்லாம நீங்க மூச்சு விடுவீங்களா?" என்பாள்.

"மூச்சு விட மூக்கு போதும். பம்ப் வேணாம்" என்பேன்.

இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவையாவது நடக்கும். போன எட்டு மாதத்தில் ஒரு நாளுக்கு நான் பேசிய மொத்தப் பேச்சும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பட்டறை வாசலில் ஓர் எடை மெஷின் இருக்கிறது. ஸ்பிரிங் கேட்டு வருகிறவர்கள் அதில் ஏறியே ஆக வேண்டும். வாயால் சொல்கிற எடையை நான் நம்புவதில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு எண்பத்தைந்து என்பார்கள், மெஷின் தொண்ணூற்றாறு காட்டும். மெஷினுக்கு மேலே என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'என்னிடம் பொய் சொல்லலாம், ஸ்பிரிங்கிடம் சொல்ல முடியாது.' பதினேழு வருடத்தில் அந்த மெஷினில் ஏறாத ஒரே ஆள் நான்தான். எனக்கு எதற்கு? நான் எண்பத்திரண்டு கிலோ. என் ஸ்பிரிங் நானூற்றைம்பது.

என் மனைவி மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று விமானம் ஏறினாள். "நீங்களும் ஒரு மாசம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். சீசன் முடிந்து ரோப்கார் நின்றதும், ஷாக்குகளை எல்லாம் பிரித்து எண்ணெய் மாற்றுகிற காலம் அது. "அதெல்லாம் யார் செய்யறது?" என்றேன். மூன்று மாதம் முடிந்தபோது போனில் கேட்டாள், "நான் வரட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

வா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா? நான் சொன்னது, "உன் இஷ்டம்."

தானாகவே 'கிளம்பி வர்றேன்' என்று அவள் சொல்ல வேண்டும் என்று எனக்கு. 'நீ இல்லாமல் முடியவில்லை' என்று நான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் தாலி கட்டிக்கொண்ட கதைதான் எங்களுடையது. ஐந்தாம் மாதமும் கேட்டாள். ஏழாம் மாதமும் கேட்டாள். இரண்டு தடவையும் உன் இஷ்டம் என்றே சொன்னேன்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஆள் இருந்தபோது அது சின்ன வீடு. வாஷிங் மெஷினில் ஒற்றை ஆள் துணி அடியில் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் போடுவேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் என் கோட்டு தொங்கும், இன்னொன்றில் நான் உட்கார்வதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடியே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, கையைக் கழுவி, அதோடு சாப்பாடு முடிந்தது என்று நகர்ந்துவிடுவேன். பேச்சுக்குரல் கேட்கட்டுமே என்று டிவியை ஓடவிடுவேன். வானிலை மட்டும் கவனித்துக் கேட்பேன். அவள் இருக்கிற ஊரில் ஒரு வாரம் முழுக்க மழை. குடை எடுத்துப் போனாளா என்று யோசிப்பேன், ஆனால் போனில் கேட்க மாட்டேன். வாசலில் அவளுடைய வீட்டுச் செருப்பு போட்டது போட்டபடி கிடந்தது. பெருக்கும்போது அதைச் சுற்றித்தான் பெருக்குவேன்.

பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தேன். மட்டமான தோல், இழுத்துக்கொண்டே போகிறது என்று விற்றவனைத் திட்டினேன். தாடியும் விட்டிருந்தேன். வீடியோவில் பார்த்துவிட்டு மனைவி, "என்ன, சாமியாராப் போகப் போறீங்களா?" என்று கேட்டாள். "சாப்பிட்டீங்களா?" என்பதும் தினமும் கேட்கிற கேள்விதான். ஆச்சு என்பேன்.

சீசன் தொடங்கிய வாரம், திங்கட்கிழமை காலையில் போன் வந்தது.

"பாப்பாவுக்கு லீவு முடியுது" என்றாள். எங்களுக்கு மகள் இன்னும் பாப்பாதான். "குழந்தையக் காப்பகத்துல சேர்க்கறதுன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள இடம் சொல்லி வைக்கணுமாம். விட்டா அடுத்த வருஷம்தான். நான் இங்கயே இருக்கறதா இருந்தா காப்பகம் வேணாம். நானே பாத்துக்குவேன், ஒரு வருஷம். நீங்க சொல்லுங்க."

"பாப்பா என்ன சொல்றா?"

"அப்பாவக் கேளுங்கறா."

"நீ என்ன நினைக்கற?"

"நான் உங்களத்தானே கேக்கறேன்."

ஒரு வருடம். அந்தச் செருப்பைச் சுற்றி இன்னும் ஒரு வருடம் பெருக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

பட்டறைக்குப் போனால் முதலாளியும் அதே வெள்ளிக்கிழமையைச் சொன்னார். வாடகைக்கு விடுகிற நாற்பது சைக்கிளுக்கும் புதிதாகப் பின்பக்க ஷாக் வாங்கப் போகிறார். பார்த்து முடிவுசெய்ய ஏரில் ஒன்று, காயிலில் ஒன்று மாதிரிக்கு வந்திருந்தது.

"நீங்களே ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. எது நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்க. நீங்க சொல்றதுதான்" என்றார்.

"சார், இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

"அண்ணன் ஓட்டாமயே பரிட்சை எழுதிட்டாரு" என்றாள் பம்ப்.

செவ்வாய்க்கிழமை, என் சைக்கிளின் அதே ரகத்து வாடகை சைக்கிள் ஒன்றில் காயிலைப் பூட்டினேன். அலமாரியிலிருந்து நானூற்றைம்பதை எடுத்து மாட்டி, ரோப்காரில் ஏறினேன். ரோப்காரில் இரண்டு பேர் உட்காரலாம். பக்கத்து இடத்தில் என் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் ஓட்டம். மேலே காற்று குளிர்ந்து, பாதை ஈரமாக, என் வயதில் பாதியை அங்கேயே கழற்றி வைத்துவிடலாம் போல இருந்தது. பெடலை மிதித்து இறங்கினேன்.

வேர்கள் குறுக்கே ஓடுகிற முதல் சரிவிலேயே பின்சக்கரம் துள்ளியது. தரையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டிய சக்கரம் என்னை உதைத்து உதைத்து எழுப்பியது. மூன்றாவது வளைவில் வாலை வீசிப் புதருக்குள் தள்ளப் பார்த்தது. கீழே வந்தபோது பல் கிட்டித்துப் போயிருந்தது. ஸ்பிரிங்கின் பிடிவளையத்தைத் தளர்த்திவிட்டு மறுபடி ஏறினேன். அதே உதை. நம்பர் மாற்றி அச்சடித்துவிட்டார்கள் போல என்று, வீட்டுக்குப் போய் என் சொந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, அதிலிருந்த பழைய நானூற்றைம்பதைக் கழற்றி மாட்டினேன். அதுவும் உதைத்தது. எட்டு வருடம் என் கீழே கிடந்த ஸ்பிரிங் அது. அதற்குமா என்னைத் தெரியாமல் போயிற்று என்று வருத்தமாகவே இருந்தது.

புதன்கிழமை ஏரைப் பூட்டினேன். ஏரில் ஒரு வசதி உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை அமுங்கல் என்போம். இந்த சைக்கிளுக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர் வர வேண்டும். ஏர் ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். உட்கார்ந்தால் அது நகரும், இறங்கினாலும் நகர்ந்த இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்து ஒற்றை ஆளாகவே அளந்துவிடலாம். காற்றை அடித்தேன், உட்கார்ந்தேன், கொஞ்சம் விட்டேன், மறுபடி உட்கார்ந்தேன். இருபத்திரண்டு. மேலே போனேன்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வெண்ணெய். அதே வேர்களின் மேல் சக்கரம் தரையை விடாமல் தடவிக்கொண்டு போனது. கீழே வந்து சேர்ந்ததும், இவ்வளவு நல்ல ஓட்டத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. போனை எடுத்தேன். எடுத்தால் வெள்ளிக்கிழமைப் பேச்சு வரும் என்று திரும்பப் பாக்கெட்டில் போட்டேன்.

அன்று மாலை இரண்டு முடிவுதான் என் முன்னால் இருந்தது. பதினேழு வருடமாக நான் பேசியது தப்பு. அல்லது வந்த காயில் ஷாக் பழுது. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். வியாழக்கிழமை உட்கார்ந்து, ஷாக் செய்த கம்பெனிக்கு முதலாளி கையெழுத்துப் போட ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். உள்ளே எண்ணெய் ஓட்டம் சரியில்லை, அனுப்புமுன் சோதித்தீர்களா, இதை நம்பி மலையில் இறங்குகிறவன் உயிருக்கு யார் பொறுப்பு என்று நறுக்கு நறுக்கென்று ஒன்றரைப் பக்கம். படித்துப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, முதலாளி வருவதற்கு முன் அதைப் பம்ப் படித்தாள். சிரிப்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, காயில்ல அமுங்கல் எவ்ளோ வந்துச்சுன்னு எழுதவே இல்லையே?"

"எனக்கு நானூத்தம்பதும்மா. தெரிஞ்ச விஷயம்."

"அளந்தீங்களா, இல்லையா?"

காயிலில் ரப்பர் வளையம் கிடையாது. ஸ்பிரிங் மூடிக்கொண்டிருக்கும். சைக்கிளில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொருவர் கீழே குனிந்து இரண்டு போல்ட்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். இறங்கினால் ஷாக் நீண்டுவிடும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை.

"இல்ல" என்றேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நிமிஷத்துல அளந்திருப்பேனே. வருஷா வருஷம் யாருதான் அளப்பாங்க உங்களுக்கு?"

"வீட்ல" என்றேன்.

வருடா வருடம் சீசனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வராந்தாவில் நான் சுவரில் முழங்கையை ஊன்றி சைக்கிளில் உட்கார்வேன். என் மனைவி முழங்காலிட்டு ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். "வயித்த எக்காதீங்க, அது என்னை ஏமாத்தலாம், ஸ்கேல ஏமாத்தாது" என்பாள். மெஷினுக்கு மேல் ஒட்டியிருக்கும் வாசகமே அவளிடமிருந்து நான் திருடியதுதான். பிறகு, "இருபத்திரண்டு. மனுஷன் அப்படியே இருக்கார்" என்று எழுந்திருப்பாள். ஒரு வருடம் இருபத்துமூன்றரை வந்தது. இரண்டு மாதத்துக்கு எனக்கு வெண்ணெயை நிறுத்திவிட்டாள். இந்த வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. வராந்தாவில் நின்று ஸ்கேலைக் கையில் எடுத்தேன். யாரிடம் கொடுப்பது? திரும்ப டிராயரில் போட்டுவிட்டு, தெரிந்த நம்பர்தானே என்று இருந்துவிட்டேன்.

பம்ப் சைக்கிளில் மறுபடி காயிலைப் பூட்டிவிட்டு, "ஏறுங்க" என்றாள்.

ஏறி உட்கார்ந்து சுவரில் முழங்கையை ஊன்றினேன். அவள் கீழே குந்தி ஸ்கேலை வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"எறங்கி மறுபடி ஏறுங்க."

ஏறினேன்.

"பதினெட்டரை."

"ஸ்கேல சரியா வை."

"மூணு தடவ வெச்சுட்டேன். பதினெட்டரைதான் வருது. ஸ்பிரிங் சரியாத்தான் இருக்கு, ஷாக்கும் சரியாத்தான் இருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, வந்து மெஷின்ல ஏறுங்க."

வேறு யாராவது வந்து பின்சக்கரம் உதைக்கிறது, சரிவில் துள்ளுகிறது என்று சொல்லியிருந்தால், வாசல்படி தாண்டுமுன்பே சொல்லியிருப்பேன்: உன் எடைக்கு ஸ்பிரிங் விறைப்பு அதிகம். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, ஒன்றரைப் பக்கம் கம்பெனிக்காரனைத் திட்டி எழுதி வைத்திருக்கிறேன். கோட்டைக் கழற்றிவிட்டு, மெஷினில் ஏறி, நான் எழுதி ஒட்டிய வாசகத்துக்கு அடியில் நின்றேன்.

அறுபத்தெட்டு.

பம்ப் குனிந்து மெஷினைப் பார்த்தாள். பிறகு, "உடம்புக்கு ஏதாவது..." என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க."

"காட்டறேன். ஆனா எனக்குத் தெரியும். நான் சாப்பிடறதில்ல."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எனக்கும் தெரிந்தது. பதினான்கு கிலோ என்றால் சின்ன மூட்டையா? அதை எட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துவிட்டு, பெல்ட்டைத் திட்டிக்கொண்டு, தாடிக்குள் ஒளிந்துகொண்டு திரிந்திருக்கிறேன். ஏர் ஷாக் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் எவ்வளவு இளைத்திருந்தேனோ அந்த அளவுக்குக் காற்றை விட்டு அனுசரித்துக்கொண்டது. காயில்தான் என்னை எட்டு மாதத்துக்கு முந்தைய ஆளாகவே எதிர்பார்த்து, அவன் வராததால் உதைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பம்ப் பார்க்காத மாதிரி மேஜைக்குப் போய், எடைக்கு ஸ்பிரிங் நம்பர் சொல்லும் அட்டவணையைப் புரட்டினாள்.

"உங்களுக்கு இப்ப முந்நூத்தி எழுபத்தஞ்சு" என்றாள். "எடுத்து வெக்கறேன்."

முதலாளி வந்ததும் முதல் வேலையாகப் புகார்க் கடிதத்தைக் கிழித்தேன். வாடகை சைக்கிளுக்கு ஏர்தான் சரி என்று சொன்னேன். மணிக்கொரு ஆள் ஏறுகிற சைக்கிள், ஆளுக்கொரு எடை, ஒவ்வொருவருக்கும் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தால் சீசனே முடிந்துவிடும். முதலாளி என் நெற்றியில் கை வைத்துப் பார்க்காத குறை. பம்ப் ஜெயித்துவிட்டாள். ஆனால் அவள் அன்று அதைச் சொல்லிக் காட்டவில்லை. தன் டப்பாவைத் திறந்து, இரண்டு முட்டையும் பாதி ரொட்டியும் ஒரு தட்டில் வைத்து என் மேஜைக்கு நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க."

"அப்பறம். ஒரு போன் பேசணும்."

பட்டறைக்குப் பின்னால் பழைய டயர்கள் அடுக்கியிருக்கிற முற்றம். அதில் ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். மணி இரண்டு. அவள் உடனே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்திருந்தாளோ என்னவோ.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

எட்டு மாதத்தில் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் இல்லை அது.

"அமுங்கல் அளந்தேன்" என்றேன்.

"யாரு அளந்தா?"

"பம்ப்."

"போல்ட்டு நடுவுல வெச்சுத்தானே அளந்தா?"

"நடுவுலதான். மூணு தடவ."

"எவ்ளோ?"

"பதினெட்டரை."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பதினேழு வருடம் முழங்காலிட்டு ஸ்கேலைப் பிடித்தவளுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"எடை என்ன?"

"அறுபத்தெட்டு."

"தினம் கேட்டேனே நான். தினம் ஆச்சுன்னீங்களே."

"ஆச்சுதான். நின்னுக்கிட்டே ஆச்சு."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசும்போது அவளுக்குக் குரல் கனத்துவிடும். "கேட்டப்பல்லாம் உன் இஷ்டம், உன் இஷ்டம்னீங்க. நான் இல்லாம நல்லாத்தான் இருக்காரு போல, போய் என்ன செய்யப்போறோம்னு நெனச்சுக்கிட்டேன் இங்க. எத்தன நாள் அப்படி நெனச்சு உக்காந்திருந்தேன் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அங்கே மகளும் குழந்தையுமாக வீடு நிறைந்திருக்க, அவள் எப்படித் தனியாக இருப்பாள் என்று எட்டு மாதமும் நினைத்தவன் நான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கேட்டாள். "இப்பச் சொல்லுங்க. நான் வரட்டுமா, இருக்கட்டுமா?"

பழக்க தோஷம், அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினேன்.

"வா" என்றேன். "என்னால முடியல. வந்துடு."

ரோப்கார் மேலே போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

"இப்பவே போய்க் காப்பகத்துல சொல்லிடறேன்" என்றாள். "ஒண்ணாந்தேதிதான் எடுப்பாங்க. இன்னும் மூணு வாரம் இருக்கு."

"சரி."

"அதுவரைக்கும் முந்நூத்தி எழுபத்தஞ்சைப் போட்டுக்குங்க. விறைச்ச ஸ்பிரிங்ல ஓட்டி எங்கயாவது விழுந்து வைக்காதீங்க." அந்த அட்டவணை அவளுக்கும் மனப்பாடம்.

"சரி."

"நானூத்தம்பதை யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க. நான் வந்து அளக்கறேன்."

உள்ளே போய், பம்ப் வைத்த முட்டையையும் ரொட்டியையும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். என் சைக்கிளுக்கு முந்நூற்றெழுபத்தைந்தைப் பூட்டினேன். பழைய நானூற்றைம்பதைத் துடைத்து, எண்ணெய் தடவி, மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.